அறுந்த தாரை

என் மகள் விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போய் ஆங்கில இலக்கியம் படித்தவள். நான் எட்டாவதோடு நின்றவள். கூட்டேரிப்பட்டிலிருந்து அவள் பஸ்ஸில் போய்வந்த அந்த வருஷங்களில், சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து எனக்குப் பழைய இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்லிக்காட்டுவாள். இப்போது யாரும் பேசாத வார்த்தைகள் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பிரியம்.

ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"இதுக்கு எபுலிஷன்னு பேரும்மா. கொதிச்சிப் பொங்கினாலும் அதான், மனுஷனுக்குத் திடீர்னு கோவம் பொங்கினாலும் அதான்."

"யாரும் பேசாத வார்த்தைய வச்சிக்கினு இன்னா பண்ணப்போற? போய் கரித்துணிய எடுத்துக்கினு வா."

சொல்லிவிட்டேனே தவிர, வார்த்தை மனதில் நின்றுவிட்டது. நமக்கும் பால் பொங்குகிறது, மனசும் பொங்குகிறது. எங்கேயோ இருந்த வெள்ளைக்காரனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. 'எஃபண்ட்' என்று இன்னொன்று சொன்னாள். பாத்திரத்தில் இருப்பதைக் கொட்டுவதற்கும் அதுதான், மனதில் இருப்பதைக் கொட்டுவதற்கும் அதுதான். ஒன்றின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது 'அஃப்யூஸ்'.

ஊற்றுவது என்றாலே எனக்குப் பயம். எங்கள் கல்யாணங்களில் பெண்ணின் கையை அவள் அப்பா மாப்பிள்ளை கையில் வைக்கும்போது, அம்மா சொம்பிலிருந்து அந்தக் கைகளின் மேல் தாரை வார்க்க வேண்டும். தண்ணீர் அறாமல் விழ வேண்டும் என்பார்கள். என் அக்கா கல்யாணத்தில் அம்மாவுக்கு அழுகை முட்டி, கை ஆடி, நடுவில் அறுந்துவிட்டது. சில வருஷத்தில் அக்கா பெட்டியோடு திரும்பி வந்தாள். "அன்னிக்கே தண்ணி அறுந்துதே" என்றுதான் ஊர் சொன்னது. அவள் புருஷன் குடித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதனால் மகளுக்குத் திண்டிவனத்தில் மண்டபம் பிடித்ததிலிருந்து நான் சொம்பும் கையுமாகத்தான் இருந்தேன். வாசல் குரோட்டன்ஸ் செடிக்கு அறாமல் ஊற்றிப் பழகினேன்.

"இன்னா, செடிக்குக் கல்யாணமா?" என்றார் வீட்டுக்காரர்.

முகூர்த்தத்தன்று மூன்று கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. சொம்பைச் சாய்த்தேன். தண்ணீர் நூலாக, அங்குமிங்குமாக விழுந்தது.

பின்னால் நின்ற நாத்தனார், "ஊத்தறாளா, தெளிக்கிறாளா?" என்றாள்.

மகள் தலையைத் தூக்காமலே மெதுவாகச் சொன்னாள்: "அஃப்யூஸ் பண்ணும்மா."

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. சொம்பு கவிழ்ந்து மீதித் தண்ணீர் மொத்தமும் மாப்பிள்ளை வேட்டியில் கொட்டியது. கைகளின் மேல் தாரை அறுந்துபோனதை நான் என் கண்ணால் பார்த்தேன். மகளும் பார்த்தாள். அவளுக்குப் பெரியம்மா கதை தெரியும், முகம் வெளுத்துவிட்டது.

மாப்பிள்ளை கையை எடுக்கவில்லை.

"அத்த, கை பாதிதான் நனஞ்சிது. வேட்டிதான் முழுசா நனஞ்சிது. இன்னொரு தபா ஊத்துங்க" என்றார்.

வாழாமல் வந்தவள் மேடை ஏறக்கூடாது என்று அக்கா காலையிலிருந்து கீழேயே நின்றிருந்தாள். அவள்தான் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, எட்டி என்னிடம் கொடுத்தாள். "ஊத்துடி" என்றாள். அவள் கை ஆடவே இல்லை. ஊற்றினேன்.

மகள் இப்போது விழுப்புரத்தில் குடித்தனம் செய்கிறாள். போன் அடித்தால் இன்றைக்கும் என் நெஞ்சு திக்கென்கிறது. அக்கா நீட்டிய அந்தச் சொம்பை வாங்கியபோது எனக்குள் வந்தது இன்னது என்று தெரியாமல், அதற்கு உன் பழைய இங்கிலீஷில் ஏதாவது வார்த்தை உண்டா என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன்.

"தேடிச் சொல்றேம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு பேசும்போதெல்லாம் மாமியார், சமையல், ஸ்கூலில் டீச்சர் வேலை என்று எல்லாவற்றையும் கொட்டுகிறாள். வார்த்தை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.