விழாத பந்தல்

அத்தாவுக்கு வெளிநாட்டில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். என்னோடு படித்த பிள்ளைகளின் அத்தாமார்கள் துபாயில் கடை வைத்திருந்தார்கள், லாரி ஓட்டினார்கள். எங்கள் அத்தாவோ ஹாங்காங்கில், கடல்மேல் கட்டிய தொங்குபாலம் காற்றில் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்து உச்சியில் ஏறிக் காற்றை அளக்கும் கருவிகளைத் துடைத்துவைப்பார். மற்ற நேரம் அறைக்குள் உட்கார்ந்து, ஆட்டம் அளவு மீறினால் போன் செய்து சொல்வார். உடனே வண்டிகளை நிறுத்திவிடுவார்களாம். "ஆடுறதப் பாக்குறதுக்குச் சம்பளமா?" என்று அருப்புக்கோட்டையில் சிரிக்காத சொந்தக்காரர் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம் அவர் லீவில் வந்திருந்தார். நரிக்குடியில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். ஆடியில் கல்யாணம் வைக்கக் கூடாது என்ற வழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. கண்மாய்க்கரைப் பொட்டலில் பெரிய தகரப் பந்தல் போட்டிருந்தார்கள்.

நிக்காஹ் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். அத்தா பரிமாறாமல் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்று அடித்தபோது கூரை தூக்கியது. காற்று தணிந்த பிறகும் ஆட்டம் தணியவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடியது.

"எந்திரிங்க! எல்லாரும் வெளிய போங்க!" என்று அத்தா கத்தினார்.

முதலில் சிரித்தார்கள். அவர் சின்னப் பிள்ளைகளை வாரித் தூக்கி வெளியே விட்டார். மாப்பிள்ளையின் பெரியத்தாவைத் தோளைப் பிடித்தே எழுப்பினார். அவர் கையில் பிரியாணிச் சோறு அப்படியே இருந்தது.

"சாப்பாட்டுல இருந்து எந்திரிக்கச் சொல்றீகளே, அவமானப்படுத்தவா எங்களக் கூப்பிட்டீக?"

"மன்னிச்சுக்கங்க. பந்தல் ஆடுற ஆட்டம் சரியில்ல. காத்து அடங்கட்டும், திரும்ப உக்காருங்க."

எண்ணெய்க் கையோடு கூட்டம் முழுக்கப் புழுதியில் நின்றது. கல்யாணப் பெண்ணின் அம்மா, எங்கள் மாமி, "எம் மக வாழ்க்கையக் கெடுத்துட்டீகளே அண்ணே" என்று அழுதார். பந்தல் கிறீச்சிட்டு ஆடியது, ஆனால் நின்றது. கொஞ்ச நேரத்தில் காற்று தானாக ஓய்ந்தது. ஒரு தகரம்கூட விழவில்லை.

"ஹாங்காங்கு பாலமுன்னு நெனச்சுட்டாக போல" என்று யாரோ சொல்ல, பொட்டலே சிரித்தது. சோறெல்லாம் மண். மாப்பிள்ளையின் பெரியத்தா சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். பெண்ணின் அத்தா, எங்கள் மாமா, அத்தனை பேர் முன்னாலும், "இனிமே எங்க வாசல மிதிக்காதீக" என்றார்.

நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என் தோழிகளும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்தார்கள். 'யா அல்லா, இப்பவாவது அந்தப் பந்தல் விழட்டும்' என்று வேண்டினேன். சமையல்காரர்கள் மறுபடி உள்ளே போய்ப் பாய்களை உதறிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் வேண்டினேன்.

அத்தா தள்ளி ஒரு வேலிக்கருவை மரத்து ஓரமாகத் தனியே நின்றார். கூரையை ஒரு தடவை பார்த்தார், உள்ளே நடமாடும் ஆட்களைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "அல்ஹம்துலில்லாஹ், விழல" என்றார். அவர் முகம் தெளிந்திருந்தது.

ஊரே இப்படி ஏசியும் இந்த மனிதருக்கு வெட்கமே இல்லையே என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது.