பெடலுக்குச் செய்த பூசை

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி, கொழும்பில் பொரளைச் சந்தி. பச்சை விளக்கு விழுந்ததும் எல்லோரும் பறந்தார்கள். என் கார் மட்டும் சுவாமி வீதியுலா வருவது போல நகர்ந்தது. அக்சிலேட்டரை அடிவரை மிதித்தும் அதே வேகம்தான். பின்னால் நின்ற பஸ்காரர் ஹோர்ன் அடித்தே என் பரம்பரையை விசாரித்தார். பக்கத்தில் இருந்த மனைவி ஜன்னல் கண்ணாடியை மெதுவாக ஏற்றினாள். அவள் இப்படிச் செய்தால் என்ன அர்த்தம் என்பது எனக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும்.

கார் இப்படிப் படுப்பது அது மூன்றாவது தடவை. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன் முதல்முறை படுத்தபோது, மாளிகாவத்தையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்; எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் பாதிக் கார்கள் அவரிடம்தான் போகும். அவர் ஸ்கானரைப் பொருத்திப் பார்த்துவிட்டு, பெடல் சென்சரில் பிழை என்றார். இந்தக் காலத்துக் கார்களில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கேபிள் இல்லையாம். நாம் எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை பெடலில் உள்ள இரண்டு சென்சர்கள் காரின் கொம்பியூட்டருக்குத் தனித்தனியாகச் சொல்லுமாம். இரண்டு கதையும் ஒத்துப்போகாவிட்டால், கொம்பியூட்டர் இரண்டையும் நம்பாமல் வேகத்தைக் கட்டிப்போட்டு விடுமாம். எல்லாம் விளங்கியவன் போலத் தலையாட்டினேன். புதுப் பெடல் தேவையில்லை என்று சொல்லி, பெடலின் வயர் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து தந்தார்.

மூன்று வாரத்தில் மறுபடி படுத்தது. மறுபடி சுத்தம் செய்தார். அப்போதுதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த துப்பறிவாளன் எழும்பினான். மனிதர் வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்து என்னைத் திரும்பத் திரும்ப வரவைக்கிறார் என்று கண்டுபிடித்தான். அதை மனதோடு வைத்திருக்கலாம். நான் தொடர்மாடியின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். லிஃப்டில் சொன்னேன். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில்கூடச் சொன்னேன். சில நாட்களில் எங்கள் கட்டடத்துக் கார் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. நல்லவேளை சொன்னீர்கள் என்று இரண்டு பேர் நன்றியும் சொன்னார்கள். பொதுச்சேவை செய்த பெருமையில் நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

அன்று பொரளையிலிருந்து மாளிகாவத்தைக்கு ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க என் சொற்பொழிவைத் தயார்செய்திருந்தேன். கராஜில் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. ஏமாற்று வேலை, நம்பிக்கைத் துரோகம் என்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் கொட்டினேன். நானா கையைத் துடைத்தபடி கடைசிவரை கேட்டார்.

"கோவம் வாரதுதானே அண்ணன். நடு ரோட்டுல நின்டது நீங்கதானே. கொஞ்சம் இரிங்க, பாப்பம்."

காருக்குள் குனிந்து, பெடலின் வயர்களில் மீற்றரை வைத்து, என்னை மெதுவாக மிதிக்கச் சொன்னார். ஒரு சென்சரின் இலக்கம் ஒழுங்காக ஏறியது. மற்றதன் இலக்கம் ஆட்டுக்குட்டி போலத் துள்ளியது. பிளக்கைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார். அதைத் தொட்ட விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு, கார் படுத்த மூன்று தடவையும் என்ன கிழமை என்று கேட்டார். சாத்திரம் பார்க்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே யோசித்தேன். முதலாவது வெள்ளி. இரண்டாவது சனி காலை. இன்று வெள்ளி.

பக்கத்தில் நின்ற என் மனைவி அப்போது இடையில் புகுந்தாள்.

"வெள்ளிக்கிழமையில இவர் காருக்குப் பூசை செய்யிறவர்."

விஷயம் இதுதான். கார் வாங்கிய நாளிலிருந்து, கண்ணூறு படக்கூடாது என்று வெள்ளிதோறும் மஞ்சளும் கல்லுப்பும் கரைத்த தண்ணீரை மாவிலையால் உள்ளும் புறமும் தெளித்து வந்தேன். பிழை பெடலில்தான் என்று நானா சொன்ன பிறகு, பெடலுக்கு விசேட கவனிப்பு. செம்பில் மிஞ்சியதையெல்லாம் அதன் தலையிலேயே ஊற்றினேன். அன்றும் நாலு மணிக்கு அபிஷேகம், ஐந்து மணிக்குப் பொரளை.

நானா பிளக்கை என் கண்ணருகே காட்டினார். உள்ளே மஞ்சள் துளிகள், ஊசிகளில் பச்சைக் களிம்பு. எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்: "மஞ்சத் தண்ணி நல்லந்தான் அண்ணன். உப்புதான் இதத் தின்னுது. டயருக்குத் தெளிங்க, உள்ளுக்கு வாணாம்."

என் சொற்பொழிவைக் கேட்டிருந்த ஒருவர் என்ன பிழை என்று விசாரித்தார். என் மானம் கப்பலேறப் போகிறது என்று நான் நிலத்தைப் பார்த்தேன்.

"தண்ணி எறங்கி இரிக்கி," என்றார் நானா. "மழதானே."

கொழும்பில் மூன்று வாரமாக ஒரு துளி மழை இல்லை. கேட்டவர் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். நானா புதுப் பிளக் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுத உட்கார்ந்தேன். 'ஒரு சிறு தொழில்நுட்பத் தவறான புரிதல்' என்று ஆரம்பித்ததை மனைவி வாசித்துவிட்டு, அழிக்கச் சொன்னாள். அழித்துவிட்டு மஞ்சள், உப்பு, செம்பு எல்லாவற்றையும் எழுதி, நானாவிடம் ஒரு பிழையும் இல்லை, பிழை முழுவதும் என்னுடையது என்று முடித்தேன். சிரிக்கும் முகங்கள் வந்து குவிந்தன. எங்கள் லிஃப்டுக்கும் ஒரு பூசை வையுங்கள் என்று ஒருவர் கேட்டார். ஆனால் அடுத்த வாரமே முதலாம் மாடி டீச்சரின் கார் மாளிகாவத்தைக்குப் போனது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் போயின.

ஒருநாள் நானாவே தொலைபேசி எடுத்தார். எங்கள் கட்டடத்திலிருந்து வருகிறவர்கள், தாங்கள் மஞ்சள் போடவில்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் சாவியைத் தருகிறார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டபோது, அவரைப் பற்றி நான் குழுவில் முதலில் போட்ட குற்றச்சாட்டை யாரோ அன்றைக்கே தனக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். அப்படியென்றால் அந்த வெள்ளிக்கிழமை நான் போய்க் கத்தியபோது, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அவருடைய பெயரை நான் ஊரெல்லாம் இழுத்துத் திரிந்திருக்க, என்னுடைய பெயர் தன் கைக்குக் கிடைத்த அந்த ஒரு நிமிடத்தில் அவர் பழியை மழையின் மேல் போட்டு அதைப் பத்திரமாக என்னிடமே திருப்பித் தந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், வெட்கத்தோடு சேர்த்து, மனிதர்கள் மேல் பெரிய நம்பிக்கையும் எனக்கு வருகிறது.