டிரைவ்வேயில் வந்து சொன்ன ஆமாம்

போன சனிக்கிழமை காலை பிரபாகர் வந்திருந்தான். கையில் மைசூர்பாகு டப்பா. மௌரி அவென்யூ இந்தியக் கடையின் விலை ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை. பெல் அடிக்காமல், வாசலில் கார் நிறுத்தும் டிரைவ்வேயில் நின்றுகொண்டே போன் பண்ணினான்.

"அண்ணி, வெளியதானுங்க நிக்கறேன். ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாங்களா?"

கதவைத் திறந்தேன். முதல் வார்த்தையாக என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணா அன்னிக்குச் சொன்னதுதான் அண்ணி கரெக்ட்டு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் வந்தால் பேசத் தெரியாத ஆள் இல்லை நான்... வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வரும் உங்களுக்கே அது தெரியும். ஆனால் அன்றைக்குக் கடைசியில் என் வாயிலிருந்து வந்தது தமிழ் இல்லை. கொரியன்!

எனக்கு ஏது கொரியன்? அம்மா, அப்பா இரண்டு மொழியிலும் ஒன்றுதான் என்று ஆரம்பிக்கப் போகிறேன் என்று பயப்படாதீர்கள். அதை வாட்ஸப்பில் போதுமான அளவு பார்த்துவிட்டீர்கள். இது வேறு கதை.

நம்மாள் — புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக: என் கணவர் — இங்கே ஃப்ரீமான்ட்டில் ஒரு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியராக இருந்தார். எலக்ட்ரிக் காருக்கு வீட்டில் மாட்டும் சார்ஜர் செய்யும் கம்பெனி. போன வருஷம் சியோலில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனி அதை வாங்கியது. வாங்கிய சூட்டோடு ஊழியர்களுக்கு லஞ்ச் நேரத்தில் கொரியன் கிளாஸ். கட்டாயம் இல்லை என்றார்கள். கட்டாயம் இல்லை என்று ஆபீஸில் சொன்னால் என்ன அர்த்தம் என்று விசாவில் இருப்பவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

பாடம் எடுக்க வந்தவர் யூன் டீச்சர். கொரியாவில் பல வருஷம் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து குடியேறிய அம்மா. அவர் முதலில் கற்றுக்கொடுத்தது, எதிரில் இருப்பவர் பேசும்போது பணிவாக ஆமோதிப்பது எப்படி என்று. பேச்சுக்கு நடுவே "நே" — நம் ஊர் "ஆமாங்க". "வெயில் என்னமா கொளுத்துது" என்றால் "குரோகேயோ" — நம் "அதானே!". ஒரு உதவி கேட்டால் "குரோம்யோ" — "தாராளமா!". பெரிய அதிகாரி ஒன்று சொன்னால் முதுகை லேசாக வளைத்து "மஸ்ஸும்னிதா" — "நீங்கள் சொல்வது சரி, ஐயா".

நம் ஆட்களுக்கு இந்த ஒரு பாடம் மட்டும் கற்பூரம் மாதிரி பற்றிக்கொண்டது. எண்கள் வரவில்லை, எழுத்து வரவில்லை. ஆமாம் மட்டும் வந்தது!

சனிக்கிழமைகளில் பிராக்டிஸ் எங்கள் வீட்டில். நம்மாள்தான் டீமில் வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணா. பிரபாகர் டீம் லீட், ஈரோட்டுக்காரன், வகுப்பிலேயே முதல் மாணவன். மற்ற நாலைந்து பேரும் வருவார்கள். நம்மாளை சோபாவில் உட்கார வைத்து, அவரைக் கொரிய வி.பி.யாக, அதாவது வைஸ் பிரசிடென்ட்டாகப் பாவித்து, வரிசையாக வந்து குனிவார்கள். நான் போண்டா போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். இப்படித்தான் அடுப்படியில் நின்று நான் கொரியன் கற்றேன்.

நம்மாள் ஏன் சோபாவில்? அவருக்கு மட்டும் அந்தப் பாடம் ஏறவில்லை. கொரியனில் என்ன, தமிழிலேயே ஏறாது. கல்யாணமான நாளாக "சாம்பார் எப்படி?" என்று கேட்டால் "உப்பு கம்மி" என்றுதான் பதில் வரும். உப்பு நிஜமாகவே கம்மியாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

அப்போதுதான் அந்தப் புது சார்ஜர் வந்தது. சோதனையில் நம்மாள் கண்டுபிடித்தார்: ரொம்ப நேரம் ஓடினால் கேபிள் சூடாகிறது. இது ஜனங்களின் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிற சாமான். இன்னும் மூன்று மாதம் டைம் கொடுத்தால் சரி பண்ணிவிடலாம் என்றார். சியோலிலிருந்து ஹான் என்கிற வி.பி. வருகிறார், ரிவ்யூ மீட்டிங். முந்தின நாள் சாயங்காலம் மொத்த டீமும் எங்கள் டைனிங் டேபிளில். எல்லோருக்கும் ஒரே கருத்து.

"நாளைக்கு எல்லாரும் சேந்தே சொல்லிப்போடலாங்கண்ணா. நீங்க ஆரம்பிங்க, நாங்க இருக்கறோம்" என்றான் பிரபாகர், என் போண்டாவைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே.

மறுநாள் நடந்ததை நம்மாள் சொல்லித்தான் தெரியும். அவர் எழுந்து சொன்னாராம். ஹான் சார் முழுக்கக் கேட்டாராம். இங்கத்திய டைரக்டர் குறுக்கே புகுந்து, "மைனர் இஷ்யூ, ஷிப் பண்ணிடலாம், டீம் ரெடி" என்றாராம். ஹான் சார் மெதுவாகத் திரும்பி, "மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, பிரபாகரைப் பார்த்தாராம்.

பிரபாகர் முதுகை லேசாக வளைத்தான். "மஸ்ஸும்னிதா" என்றான், டைரக்டர் பக்கம் கையைக் காட்டி. மற்றவர்கள் "நே, நே" என்று தலையாட்டினார்கள். எங்கள் ஹாலில் செய்த பிராக்டிஸ் வீண் போகவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் டிரைவ்வேயைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். யாரும் வீட்டுக்குள் வரவில்லை. காரில் சாய்ந்தபடியே, "நீங்க சொன்னதுதான் கரெக்ட் அண்ணா. டைரக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வர முடியாதவர்கள் மெசேஜ். குரூப்பில் அல்ல, தனித்தனியாக. அன்றைக்கு ஃப்ரீமான்ட்டிலேயே அதிகம் பேர் ஒப்புக்கொண்ட மனிதர் நம்மாள்தான்!

"அப்பா, தே ஆல் அக்ரீ வித் யூ!" என்றாள் எங்கள் பெண் நிலா. பள்ளியில் கடைசி வருஷம் படிக்கிறாள்.

"ஆமா, ரூம்லதான் யாருக்கும் வாய் வரல" என்றார் அவர்.

அடுத்த மாதமே அவருடைய பொசிஷன் "இனி தேவையில்லை" என்று ஆகிவிட்டது. விசாக்காரனுக்கு வேலை போனால் அறுபது நாள் கெடு. அதற்குள் இன்னொரு வேலை, இல்லையென்றால் மூட்டை கட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு தேடினார். டெக்சஸில், கேட்டி என்கிற ஊரில் கிடைத்தது. பதவி ஒரு படி கீழே. கிரீன் கார்டு பேப்பர்களைப் புது கம்பெனி மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். நிலா பள்ளியை முடிக்கும் வரை நானும் அவளும் இங்கே, அவர் அங்கே ஒற்றை பெட்ரூம் அபார்ட்மென்ட்டில் தனியாக. எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. எனக்கு ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுத இந்தப் பத்தியில் இடம் இருக்கிறது, மனசு இல்லை.

இதற்கு நடுவே ஒருநாள் மௌரி அவென்யூ கடையில் யூன் டீச்சரைப் பார்த்தேன். பச்சை மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. நான் வாயை அடக்கவில்லை. "நீங்கள் சொல்லிக்கொடுத்த மரியாதைதான் இப்படிப் பண்ணியது" என்று ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வருத்தம் வந்தது.

"நான் வேலை பார்த்த ஆபீஸில் மீட்டிங்கில் எல்லோரும் ஆமாம்தான் சொல்வோம். ஆனால் அதற்கு முன்னாலேயே ஒவ்வொருவராக மேலதிகாரியிடம் தனியாகப் போய், இது சரிவராது என்று சொல்லி, சண்டை போட்டு முடித்திருப்போம். எல்லாம் பேசித் தீர்ந்த பிறகுதான் அந்த ஆமாம். உங்கள் டீமில் யாரும் முன்னாலேயே ஹானிடம் பேசவில்லையா?"

எங்கே பேசினார்கள்? என் டைனிங் டேபிளில் பேசினார்கள். அப்புறம் டிரைவ்வேயில் பேசினார்கள். அவர்கள் ஊரில் ரூமுக்குள் போகும் முன்பே மறுத்துவிட்டுப் போகிறார்கள். நம்மவர்கள் ரூமை விட்டு வெளியே வந்து ஆமோதிக்கிறார்கள்.

பிரபாகருக்கும் விசாதான். இரண்டு சின்னக் குழந்தைகள். எனக்குத் தெரியாதா? பயந்துவிட்டேன் அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்திருப்பேன். பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சரி, போன சனிக்கிழமைக்கு வருவோம். அண்ணா சொன்னதுதான் கரெக்ட் என்று ஆரம்பித்தவன், மெதுவாக விஷயத்துக்கு வந்தான். சியோலிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேபிள் அதே மாதிரி சூடாகியிருக்கிறது. சார்ஜரை வெளியிடுவதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். முழு ரிப்போர்ட் கேட்கிறார்கள்.

"அண்ணா அந்த டெஸ்ட்ட எப்படி செட்டப் பண்ணாருன்னு எங்க யாருக்கும் முழுசாத் தெரியலைங்க. ஒரே ஒரு போன் கால் ஜாயின் பண்ணி எக்ஸ்ப்ளைன் பண்ணினாப் போதும். என் போனை எடுக்க மாட்டேங்கறாருங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு அண்ணி."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அந்தக் கால்ல உங்க ஹான் சார் இருப்பாரா, பிரபாகர்?"

அவன் மைசூர்பாகு டப்பாவைப் பார்த்தான்.

"இல்லைங்க அண்ணி... நம்மாளுங்க மட்டுந்தான். ரிப்போர்ட்டை நாங்க ரெடி பண்ணிக்குவோம்."

இப்போதும் டிரைவ்வேதான். இப்போதும் அந்த ரூமில் நம்மாள் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. அவர் கண்டுபிடித்தது வேண்டும், அவர் வேண்டாம்.

நான் முதுகை லேசாக வளைத்தேன். இரண்டு கையாலும் டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

"நே. குரோம்யோ" என்றேன். ஆமாங்க, தாராளமா!

"அய்யோ அண்ணி! சூப்பர் புரொனன்சியேஷன்ங்க!" முகமெல்லாம் பல். சந்தோஷமாகக் காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போனான்.

நிலா மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "சோ... ஆர் யூ கோயிங் டு டெல் அப்பா?"

"எதை?"

சாயங்காலம் நம்மாள் கேட்டியிலிருந்து கூப்பிட்டார். தானே சாம்பார் வைத்தாராம்.

"எப்படி இருந்தது?"

"உப்பு கம்மி" என்றார். கூடவே, "அங்க யாராவது வந்தாங்களா?"

"யாரும் உள்ள வரல" என்றேன். பொய் இல்லையே?

பிரபாகர் அந்தப் போன் காலுக்காக இன்னும் காத்திருக்கிறான். நான் சொன்ன ஆமாமை நம்பிவிட்டான், பாவம். இதைப் படித்தால் தெரிந்துகொள்வான்... தெரியட்டும். "செம அண்ணி, நீங்க எழுதினது ஹண்ட்ரட் பர்சென்ட் கரெக்ட்" என்று மெசேஜ்கூட வரும் — குரூப்பில் அல்ல, தனியாக.