நேர் பஸ் நின்ற வாரத்தில் ஒரு கல்யாணம்

தம்பியின் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, சாந்தன்பாறை முக்கில் பாலக்காடு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். என் பிறந்த வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போகும் அந்த ஒரே நேர் பஸ்ஸில் ஏறிவிட்டால் மதியச் சாப்பாடு அம்மா வீட்டில்.

பஸ் வரவில்லை.

“அது நின்னு நாலு நாளாச்சு சேச்சி. ஏற ஆளில்லன்னு சொல்றாங்க,” என்றார் டீக்கடைக்காரர்.

கல்யாணப் பட்டுப்புடவைப் பையோடு அவர் எதிரே நிற்கும் நான் யார் என்று கேட்கத் தோன்றியது. அன்று சாயங்காலம் இணைச்சீர். மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் சேர்ந்து உட்கார வேண்டிய சடங்கு. மலையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரை வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவள் நான். சமாதானமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நான் போகாவிட்டால் பெரியப்பா மகளை உட்கார வைத்துவிடுவார்கள். அவளுக்கு அதில் ஆசையும் உண்டு.

அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “பொள்ளாச்சிக்கா தாயி?”

பார்த்தால், என் பரம எதிரி. எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கவே போவார். மலை வளைவுகளில் வாந்தி வரும் எனக்கும் அந்த இடம்தான் வேண்டும். இரண்டு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சண்டைதான்.

விஷயத்தைச் சொன்னேன். அவரும் பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்குப் போக வந்தவர். “அழுதா பஸ் வருமா? வா, போயிருவோம்,” என்று என் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மூணாறு வரை ஜீப். பன்னிரண்டு பேருக்கு நடுவே நசுங்கிப் போனோம். அங்கிருந்து உடுமலைக்கு ஒரு பஸ். சின்னாறு காட்டில் யானை ஒன்று குட்டியோடு சாலையில் நின்றுகொண்டது. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டார். நான் நிமிடத்துக்கு ஒரு முறை மணி பார்த்தேன்.

“அதுவும் விசேஷத்துக்குத்தான் போகுது போல. பிள்ளையக் கூட்டிக்கிட்டு நிதானமாப் போகுது பாரு,” என்றார் அவர். சிரித்துவிட்டேன். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

பொள்ளாச்சி வந்ததும் அவர் மகள் வீட்டுக்குப் போகவில்லை. “ஒனக்கு இன்னும் ஒரு பஸ் இருக்குல்ல? சேர்த்துவிட்டுட்டு வாரேன்,” என்று கூடவே ஏறிக்கொண்டார்.

பந்தலுக்குள் நுழைந்தபோது மணி ஐந்து. பெரியப்பா மகள் தலை நிறையப் பூ வைத்துத் தயாராக இருந்தாள். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“வந்துட்டியா கண்ணு! சீக்கிரம் பொடவைய மாத்து.”

பக்கத்தில் நின்ற அத்தை, நான்கு பேருக்குக் கேட்கும்படி கேட்டாள். “ஏனம்முணி, உன்ற ஊட்டுக்காரர் பக்கமிருந்து யாருமே வரலியா?”

எனக்கு முகம் சுருங்கியது. கணவருக்கு அப்பா அம்மா இல்லை. லீவும் கிடைக்காததால் மறுநாள்தான் வருவார்.

“நான் வந்திருக்கேன்ல?” என்று முன்னால் வந்தார் ஜன்னலோரக்காரர். “இவ வீட்டுக்காரருக்கு மாமா முறை.” மகளுக்கென்று கொண்டுவந்த ஏலக்காய்ப் பொட்டலத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். “எங்க மலைச் சீரு. வாங்கிக்கோங்க.”

அப்பா அவரைக் கைபிடித்து அழைத்துப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்தார். நான் புடவை மாற்றிக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் நிறைந்து, எதிரே இருந்தவர்கள் யாரும் தெரியவில்லை.

அப்பா விடாததால் அவர் அன்று அங்கேயே தங்கினார். மறுநாள் மதியப் பந்திக்குத்தான் என் கணவர் பைக்கில் வந்து சேர்ந்தார். “உங்க மாமா அந்தப் பந்தியில இருக்காருங்க,” என்று என் அப்பா காட்டினார். கணவர் அந்த மனிதரை அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு நேரே போய் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

“சாப்பாடு எப்படி மாமா?”

“ரசம் பிரமாதம்டா மருமகனே.”

ஊர் திரும்பியதும் நானும் மாமாவும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, பஞ்சாயத்து மெம்பரிடம் மனு கொடுத்தோம். பார்க்கலாம் என்றார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். இப்போது நான் அம்மா வீட்டுக்கு நாலு வண்டி மாறிப் போகிறேன். ஆனால் பொள்ளாச்சியில் இறங்கினால் மாமாவின் மகள் வீட்டில் எனக்குச் சோறு உண்டு. ஏலக்காய் போன கதையைச் சொல்லி, அவள் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டேதான் பரிமாறுகிறாள்.