முடிச்சுப் போட்ட கம்பி

என் பேனா டப்பாவில் ஒரு கிட்டார் கம்பித் துண்டு கிடக்கிறது. அதன் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு. சித்தப்பா போட்டது.

கிட்டார் ஆசை எனக்கு ஓர் அமாவாசையன்று வந்தது. காஞ்சிபுரத்தில் எங்களைப் போன்ற நெசவுக்காரர் வீடுகளில் அன்றைக்குத் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் ஒரே கூடத்தில் அப்பாவின் தறியும் சித்தப்பாவின் தறியும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருக்கும்; சோறு போடச் சொல்வதைக்கூடக் கத்தித்தான் சொல்லவேண்டும். அன்று வீடு அடங்கிக் கிடந்தது. கைப்பேசியில் யாரோ ஒரு பெண் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் கையை எடுத்த பிறகும் கம்பி கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு ஓய்ந்தது. அவ்வளவு மெல்லிய சத்தம் எங்கள் வீட்டில் கேட்டதே எனக்கு அதிசயமாக இருந்தது. அடுத்த வாரமே கல்லூரிச் சிநேகிதி தொடாமல் போட்டுவைத்திருந்த கிட்டாரைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

சொல்லித்தர யாருமில்லை, வீடியோக்கள்தான். தறிச் சத்தத்தில் நான் வாசிப்பது எனக்கே கேட்காது. தறி நின்றால் எல்லோரும் படுத்துவிடுவார்கள். ஆகையால் சாதாரண நாட்களில் விரலை மட்டும் பழக்கினேன். அது சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள அமாவாசை வரை காத்திருக்கவேண்டும். அன்றைக்கு வாசித்துக் கேட்டால், பெரும்பாலும் அபஸ்வரமாக இருக்கும்.

அப்படியும் நான் விடாமல் இருந்ததற்கு ஒரே காரணம் சித்தப்பா. கிட்டாரை எடுத்தாலே போதும், தறியிலிருந்தபடி ஆரம்பித்துவிடுவார். “இன்னாம்மா, இன்னும் அதே டொய்ங் டொய்ங்கு தானா? பக்கத்து வூட்டு எருமை கூட கயித்த அறுத்துக்கினு ஓடிட்ச்சி.” எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விரல் நுனி தோலுரிந்து எரியும்போதும், இந்த மனுஷன் வாயாலேயே ஒருநாள் ‘வாசிக்கிறாள்’ என்று சொல்லவைக்கிறேன் பார் என்று மறுபடி அழுத்துவேன்.

ஒருநாள் மெல்லிய கம்பி அறுந்தது. புதிதாகத்தான் மாட்டவேண்டும் என்றேன். சித்தப்பா சிரித்தார். “பாவுல எத்தினி இழை அறுவுது, தூக்கியா போட்றோம்? குடு இப்டி.” தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த பட்டு இழையைப் பிணைப்பதுபோலவே இரும்புக் கம்பியையும் பிணைத்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானும் நெசவுக்காரர் வீட்டுப் பெண்தானே. சுருதிக்கு முறுக்கினேன். முடிச்சு அவிழவில்லை. அதற்குப் பக்கத்திலேயே கம்பி தெறித்து என் கன்னத்தைக் கீறியது. அம்மா பதறி ஓடிவந்தாள். சித்தப்பா அசையவில்லை. “உனக்கு வராதுன்னு கம்பியே சொல்லுது, வுட்ருமா” என்றார். அந்தத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன், கோபம் ஆறிவிடக் கூடாதென்று.

வேறு கம்பி வாங்கி மாட்டினேன். அதற்கப்புறம் வந்த ஓர் அமாவாசையில் ஒரு முழுப் பாட்டை எங்கும் நிற்காமல் வாசித்தேன். அவரைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துத்தான் வாசித்தேன். முதல் வரி முடிவதற்குள் அவருடைய கைப்பேசி அடித்தது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நிறுத்தினால் தோற்றதாகிவிடும் என்று காலி நாற்காலியைப் பார்த்தபடி வாசித்து முடித்தேன். திரும்பி வந்தவர் சொன்னார்: “முடிஞ்சிதாம்மா? நல்லா இருக்குது, நல்லா இருக்குது.”

நான் ஏங்கிய பாராட்டு இதுதான். வாசித்ததைக் கேட்காமலே தூக்கிப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து கேலியும் நின்றது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “எங்க பொண்ணு சூப்பரா வாசிக்குதுபா” என்பார். கன்னத்தில் கம்பி கீறியது இவ்வளவு எரியவில்லை. கிட்டார் உறையோடு சுவரில் தொங்கத் தொடங்கியது. ‘தினமும் உற்சாகத்தோடு பயில ஐந்து வழிகள்’ என்றெல்லாம் வீடியோ பார்த்தேன். அதில் எதிலும் கேலி செய்ய ஓர் ஆள் தேவை என்று சொல்லவில்லை.

பிறகு வீட்டைப் பாகம் பிரிப்பதில் அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு முற்றியது. சித்தப்பா தறியைப் பிரித்து எடுத்துக்கொண்டு ஊரோரம் ஓரிக்கைப் பக்கம் குடிபோய்விட்டார். போன மாதம் பேருந்து நிலையத்தில் எதிரே வந்தார். “சித்தப்பா” என்றேன். பார்த்துவிட்டு, வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே போனார். டொய்ங் டொய்ங்கு என்றாவது சொல்லியிருக்கலாம்.

அவருடைய தறியில் கால் மிதிக்கத் தோண்டியிருந்த குழியைப் பலகை போட்டு மூடிவிட்டோம். இப்போது கூடத்தில் ஒரு தறிதான் அடிக்கிறது. வீட்டுச் சத்தம் பாதியாகிவிட்டது. நேற்று உறையிலிருந்து கிட்டாரை எடுத்து, சும்மா அந்தப் பலகைமேல் உட்கார்ந்து ஒரு கம்பியைத் தட்டினேன். அப்பா நெய்துகொண்டிருக்கும்போதே அது எனக்குக் கேட்டது. முன்பு அமாவாசையில் மட்டும் கேட்ட சத்தம். அவர் போனதால் கிடைத்தது என்று நினைத்தபோது பிடிக்கவில்லை. ஆனாலும் இன்னொரு முறை தட்டினேன்.

தொங்கிக் கிடந்ததில் பழைய கம்பிகள் துருப்பிடித்திருந்தன; புதுக் கம்பி வாங்கியாயிற்று. நாளை அதே பலகையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்துகிற, எனக்கு இதுவரை ஒருமுறையும் வராத அந்தப் பிடியைப் பிடித்துப் பார்க்கப்போகிறேன். எதிரே நாற்காலி போடப்போவதில்லை.