அக்காவுக்கு ஒரு குடம்

சில வருடங்களுக்கு முன், மும்பை செம்பூரில் ஒரு சுடுகாட்டில், அடைமழைக் காலத்தில் நடந்தது இது.

எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நான். கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, அப்போது குர்லாவில் ஓர் அண்ணாச்சியின் மண்பாண்டப் பட்டறையில் மண் பிசைந்துகொண்டிருந்தேன். தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர் அவர். ஜப்பான்காரர்களின் பழைய தேநீர்க் கிண்ணங்களைப் பார்த்து, தன் போக்கில் மாற்றிச் செய்வார். பளபளப்பு இருக்காது, வாய் கோணியிருக்கும். ஆனால் கடும் சூட்டில் சுடுவதால் கல்லாக இறுகிவிடும். "எங்க வீட்டுக்காரருக்கு நேரா ஒண்ணு செய்ய வராது" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அக்காவுக்குப் புற்றுநோய். டாக்டர்கள் கைவிரித்த வாரத்தில் அண்ணாச்சி ஒரு குடம் செய்தார். ஈரம் காயுமுன் அதில் மூன்று துளை போட்டபோதுதான் எதற்கென்று புரிந்தது.

அக்கா இறந்ததும், பிள்ளைகள் இல்லாததால் கொள்ளி வைப்பதும் அவர்தான் என்றானது. "தாராவியில ஒரு பானை வாங்கிருவோமே" என்றார் அக்காவின் தம்பி.

"அவளுக்கு நாந்தான் செய்யணும், மாப்ள."

தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சிதையைச் சுற்றினார். மெழுகால் அடைத்திருந்த துளைகளைச் சுற்றுக்கு ஒன்றாகத் திறந்துவிட்டார்கள். பிறகு சிதைக்கு முதுகைக் காட்டி நின்று குடத்தைப் பின்னால் போட்டார். அது உடைந்தால்தான் கொள்ளி வைக்கலாம். அவர் திரும்பிப் பார்க்கவும் கூடாது. மழையில் ஊறிய தரையில் குடம் தொப்பென்று விழுந்து உருண்டது. கீறல்கூட இல்லை.



"ஏலே, ஒடஞ்சிட்டா?" என்று முன்னால் பார்த்தபடியே என்னைக் கேட்டார்.

"இல்ல, அண்ணாச்சி."

"நீயே ஒடச்சிருலே. நான் திரும்புனா போவ மாட்டேன்."

ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்து அடித்தேன். முதல் அடியில் கல்தான் தெறித்தது. ஒவ்வொரு அடிக்கும் அவர் முதுகு துடித்தது. கடைசியில் கழுத்துப் பக்கம் விரிசல் விட்டு, குடம் பிளந்தது. அவர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளியை வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

அதன்பின் பட்டறை திறக்கவில்லை. நான் ஐரோலியில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். எத்தனையோ இடங்களைத் திரும்பிப் பாராமல் விட்டு வந்தவன் நான். அதை என் தைரியம் என்றே நினைத்திருந்தேன். ஒருவர் அப்படிப் போக முடிவதற்கு, பின்னால் நிற்கும் இன்னொருவர் கல்லை எடுக்க வேண்டியிருக்கும் என்பது அந்தச் சுடுகாட்டில்தான் எனக்குத் தெரிந்தது.