காப்பிப்பொடி வாசமடித்த கார்

எங்கள் திருவனந்தபுரம் அலுவலகத்தில் யாருக்காவது யார்மீதாவது கோபம் வந்தால் என் மேஜைக்கு வருவார்கள். நான் தைரியசாலி என்பதால் அல்ல, புகார் நன்றாக எழுதுவேன் என்பதால். இரண்டு மூன்று பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதிய பாவத்துக்கு, குடிநீர் வராதது முதல் வந்த விருந்தாளி போகாதது வரை எல்லாவற்றுக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்தவர் அநியாயத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு மொழி தங்குதடையில்லாமல் வரும்.

அப்படித்தான் ஒரு ஜூலை மாதம், தபால் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்து நின்றார். போனக்காடு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் இன்னமும் அங்கே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில்தான் இருக்கிறார்கள். இவர் நெடுமங்காட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போகிறார்.

“சார், ஒரு பராதி எழுதணும். பழைய கார் விக்கிற கடைக்காரன் என்னைய ஏமாத்திட்டான்.”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். பேனா மூடியைக் கழற்றும்போது எனக்கு உற்சாகமாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் சொன்னது இது. அப்பாவுக்கு மூச்சுத் திணறல். மாதம் இரண்டு தடவை மலையிலிருந்து இறக்கி டாக்டரிடம் காட்ட வேண்டும். எஸ்டேட்டுக்குப் போகும் பஸ்ஸை நம்பி நோயாளியை உட்கார வைக்க முடியாது. அதனால் ஜனவரியில் கடன் வாங்கி ஒரு பழைய கார் எடுத்தார். மே வரை வண்டி ஒழுங்காக ஓடியது. ஜூனில் மழை தொடங்கியதும் முன்விளக்குகள் தாமாக எரிந்தன, தாமாக அணைந்தன. ஒரு நாள் மலைப்பாதை வளைவு ஒன்றில் வண்டி மொத்தமாக நின்றுவிட்டது. பின் இருக்கையில் அப்பா. கண்ணாடி இறங்கவில்லை, கதவைத் திறந்தால் சாரல். எஸ்டேட் ஜீப் ஒன்று வரும்வரை இரண்டு மணிநேரம் அந்த மனிதர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. கடன் மட்டும் ஓடுகிறது. இதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வந்தால்தான் வேறு வண்டி.

கடைக்காரர் கைவிரித்துவிட்டார். ஐந்து மாதம் நன்றாக ஓடிய வண்டியில் தண்ணீர் புகுந்ததென்றால் அது உங்கள் ஜூன் மழை, எங்கள் தப்பு இல்லை என்கிறார்.

“விழிஞ்ஞத்துல எங்க சித்தி மகனுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் பாத்தாரு சார். சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுத்துக் காட்டினாரு. கடைசி ஒரு சாணுக்குச் சேறு காஞ்சு அப்பிக் கெடக்கு. இது வெள்ளத்துல முங்கின வண்டின்னு சொல்லுதாரு.” பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ குடும்ப ரகசியம் போலச் சொன்னார். “இன்னொண்ணு சார். கார்பெட்டுக்கு அடியில பூரா காப்பிப்பொடி. சிக்கரி போட்ட பொடி. மழை வந்தா வண்டிக்குள்ள டிகாஷன் எறக்கின மாதிரி வாசம்.”

என் கை ஏற்கெனவே உறைக்குள் இருந்த பதிவுச் சான்றின் நகலை எடுத்திருந்தது. உரிமையாளர் என்று அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. எண்ணைப் பார்த்தேன். என் பிறந்த தேதியைக்கூட நான் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். அது என்னுடைய கார்.

அலுவலகத்தில் காரை நிறுத்தும் இடம் அதிகாரிகளுக்கு மட்டும் என்பதால் நான் ஸ்கூட்டரில் வருகிறவன். என் காரை அவர் பார்த்ததில்லை, அவர் காரை நான் பார்த்ததில்லை.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில், சென்னையிலிருந்து வந்த மைத்துனரை அழைத்துவரத் தம்பானூர் ரயில் நிலையத்துக்குக் காரில் போயிருந்தேன். ரயில் தாமதம். வெளியே மழை வலுத்தது. தம்பானூரில் மழை வலுத்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பிளாட்பாரத்தில் உட்கார இடம் கிடைத்திருந்தது, கையில் சுவாரசியமான புத்தகம் இருந்தது. மைத்துனரோடு வெளியே வந்தபோது காருக்குள் இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர். மைத்துனர் அதைப் பார்த்து, பரவாயில்லை, பெட்டியை மேலே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

வேறு யாராக இருந்தாலும் இன்ஷூரன்ஸுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் கணக்குப் பிரிவு ஆசாமி. ஆறு வருஷம் இழப்பீடு கேட்காமல் சேர்த்து வைத்த நோ க்ளெய்ம் போனஸ் போய்விடுமே என்று கணக்குப் போட்டு, ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் கைக்காசு கொடுத்துச் சரிசெய்தேன். அதனால் அந்த வெள்ளம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஈர வாடை போகவில்லை என்று என் மனைவி கார்பெட்டுக்கடியில் காப்பிப்பொடியைத் தூவினாள். வாடை போய்விட்டது என்று ஒரு மாதம் நம்பினோம். பிறகு டிசம்பரில் வண்டியை விற்றேன்.

கடையில் சோதித்தவர் இளவயதுக்காரர், கையில் ஒரு படிவம். வண்டிக்குள் எப்போதாவது தண்ணீர் ஏறியதுண்டா என்று மலையாளத்தில் கேட்டார். நான், திருவனந்தபுரத்தில் மழையில் நனையாத வண்டியை நீங்கள் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்லவில்லை என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். என் நகைச்சுவைக்கு அதுவரை கிடைத்த சன்மானங்களிலேயே அதுதான் பெரியது.

“முன்னாடி வச்சிருந்த ஆளு மனுசனா சார்?” என்று அவர் கேட்டார்.

“அவருக்குத் தெரியாம இருந்திருக்கலாம்.”

“காப்பிப்பொடி தானா வந்து விழுந்துச்சா?”

காகிதத்தை இழுத்துக்கொண்டேன். மனு எழுதத் தொடங்கினேன். என் வாழ்க்கையில் எழுதியவற்றுள் அதுதான் சிறந்த மனு. வியாபாரமாகக் கார் விற்கிறவர், ‘இருக்கும் நிலையில் வாங்குகிறேன்’ என்று ஒரு வரியில் கையெழுத்து வாங்கிவிட்டால் மட்டும் மறைந்திருக்கும் பழுதிலிருந்து தப்பிவிட முடியாது என்று எழுதினேன். முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ், பதினைந்து நாள் அவகாசம், சரிப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு இரண்டு வருஷம் கெடு உண்டு, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை என்றெல்லாம் அவருக்கு விளக்கினேன். அவர் கண்ணில் நன்றி தெரிந்தது. அதைப் பார்க்காமலிருக்கப் பேனா மூடியைத் தேடினேன்.

ஒரே ஒரு ஓட்டை இருந்தது. தண்ணீர் ஜனவரிக்கு முன்னால் ஏறியது என்று நிரூபிக்க வேண்டும். சேற்றுக்குத் தேதி கிடையாது. அதைச் சொன்னபோது, எப்படிச் சார் நிரூபிக்கிறது என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். ஒர்க்‌ஷாப் பில் என் வீட்டு அலமாரியில், நீல ஃபைலில், நான்காவது தாளாக இருந்தது. வண்டி எண், தேதி, ‘தண்ணீர் ஏறியதால் வயரிங் சுத்தம் செய்தது, இரண்டு முறை ஆயில் மாற்றியது’ எல்லாம் விவரமாக. மேலே என் பெயர்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, நீளமாக வாதாடினேன். சட்டப்படி எனக்கும் அவருக்கும் நடுவில் எந்த விற்பனையும் இல்லை. சொந்தக் காரை ஒருதரம் விற்றவன் வியாபாரியும் இல்லை. சோதித்துப் பார்த்து வாங்கியது கடைக்காரர், சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்காதது அவர் குற்றம். என் மனைவி அரிசி களைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“நீங்கோ சொல்லலேன்னா காப்பிப்பொடி சொல்லிடும், கேட்டேளா. அது நாம வாங்கற கடைப் பொடியாக்கும்.”

“ஊர்ல எத்தனை பேர் அந்தக் கடையில பொடி வாங்கறா.”

“அந்தக் கிழவர் மலையில மூச்சு முட்டிண்டு உட்கார்ந்திருந்தாரே, அவர்கிட்டப் போய் இதைச் சொல்லுங்கோ.”

இரண்டு வாரம் அந்த ஃபைலைத் தொடவில்லை. அந்த இரண்டு வாரமும் தபால் பிரிவுப் பெண் தினமும் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பைத் தந்துவிட்டுப் போவார். ஒரு நாள் லயத்திலிருந்து அவர் அம்மா கொடுத்தனுப்பிய தேயிலைப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். எங்கள் வீட்டில் டீ குடிப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்து, அது அடுத்து எந்தப் பானத்தில் போய் நிற்கும் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.

பிறகு, அவர் அனுப்பியிருந்த நோட்டீஸுக்குக் கடையிலிருந்து பதில் வந்தது. தண்ணீர் ஏறியதில்லை என்று முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்ட படிவம் தங்களிடம் இருப்பதாகவும், ஆணையத்தில் அதைத் தாக்கல் செய்யப்போவதாகவும் கடைக்காரர் எழுதியிருந்தார். அடுத்த நாள் காலை நான் அந்த பில்லை எடுத்துக்கொண்டு போனேன். மனசாட்சி ஜெயித்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அந்தப் படிவம் வெளியே வரும் என்று தெரியாமலிருந்தால் எத்தனை வாரம் ஃபைலைத் தொடாமல் இருந்திருப்பேன் என்பதற்கு என்னிடம் இன்றுவரை கௌரவமான பதில் இல்லை.

அவர் பில்லை இரண்டு தடவை படித்தார்.

“இதுல உங்க பேரு இருக்கு சார்.”

“ஆமாம்.”

“ஆபீஸ்ல வேற யாருக்கும் இந்தப் பேரு இல்ல.”

“இல்லை.”

அவர் பில்லை மேஜைமேல் வைத்தார். “அப்ப மனு எழுதுறப்பவே தெரியும்,” என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. நான் தலையசைத்தேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் எதிர்பார்த்தேன். அவர் மனுவை எடுத்து என் முன்னால் விரித்து, ‘முந்தைய உரிமையாளர்’ என்று நான் அழகாக எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இங்க பேரை எழுதுங்க சார். நீங்களே எழுதுங்க.”

எழுதினேன். கூடவே, வண்டியில் தண்ணீர் ஏறியது எனக்குத் தெரியும் என்று சத்தியப் பிரமாண வாக்குமூலமும் தயார் செய்தேன். அவர் என்னைச் சாட்சியாக மட்டும் சேர்த்தார். எதிர்த்தரப்பில் சேர்க்காததற்கு நன்றி சொல்லப் போனேன். என்னையும் சேர்த்தால் கேஸ் நீண்டுபோகும் என்று மெக்கானிக் சொன்னாராம், அதனால்தானாம்.

ஆணையத்தில் முதலில் சமரசம் பேசிப் பார்க்கச் சொன்னார்கள். வராந்தாவில் காத்திருந்தபோது கடையிலிருந்து அந்தப் படிவக்காரர் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பழைய நண்பரைக் கண்டதுபோல் பக்கத்தில் வந்து, சார் அன்றைக்குச் சொன்ன தமாஷை இப்போதும் கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று மலையாளத்தில் ஆரம்பித்து, மழையில் நனையாத வண்டி உண்டா என்று முழுசாகச் சொல்லியும் காட்டினார். என் குரலையே கொஞ்சம் பிடித்திருந்தார்.

தபால் பிரிவுப் பெண் சிரிக்கவில்லை. அவரும் மலையாளத்தில்தான் கேட்டார்: நீங்கள் கேட்டீர்கள், இவர் பதில் சொல்லவில்லை, பிறகு எதை வைத்து ‘இல்லை’ என்று டிக் போட்டீர்கள்? படிவக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. கூட வந்த கடை முதலாளி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் பில்லையும் பார்த்துவிட்டு உள்ளே போனவர், வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். மறுபடி விற்கும்போது வெள்ளம் ஏறிய வண்டி என்று எழுதித்தான் விற்க வேண்டும் என்று அந்தப் பெண் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அந்த வரியை நான் எழுதவில்லை. அவரே எழுதினார், என் நடையைவிடச் சுருக்கமாக.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. பழையதை விற்றபின் வாங்கிய புதுக் காரில் நான் போயிருந்தேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் சார் என்றார். குடை காற்றில் திரும்பியது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் காரைப் பார்த்தார்.

“இதுல தண்ணி ஏறியிருக்கா சார்?”

எனக்கு இரண்டு தமாஷ்கள் ஒரே நேரத்தில் தோன்றின. இரண்டும் நல்ல தமாஷ்கள்.

“இல்லை,” என்றேன்.

அவர் முன் இருக்கையில் உட்கார்ந்தார். சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். மார்பளவுக்கு வந்ததும் நிறுத்தாமல், இன்னும், இன்னும் என்று கடைசி அங்குலம்வரை வெளியே இழுத்து, அந்த நுனியைக் கண்ணாடி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ட் மெதுவாக உள்ளே போகும் சத்தம் கேட்டது. பிறகு அது மாட்டிய சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகுதான் வண்டியைக் கிளப்பினேன்.